காஜியார் கோர்ட்டும் சாட்சி விதியும்

ஷரியத்துச் சட்டம் என்றவுடனே நம் நாட்டு ஜனங்களில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவதெல்லாம் திருடன் கையை வெட்டுவதும், விபசாரம் செய்தவர்களைக் கல்லாலடித்துக் கொல்லுவதும், மூன்றுமுறை தலாக் சொல்லி மனைவியைத் தள்ளி விடுவதும் ஆகிய இந்த மூன்று விஷயங்களேயாகும். முஸ்லிம்களைத் தூற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட கூட்டத்தார் இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே வயிறு வளர்த்து வருகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் புறப்படுகிற மௌல்விகளோ, இது ஆண்டவன் அருளிய சட்டம், இதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மனிதனுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி எல்லோருடைய வாயையும் மூடப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு கட்சியாரும் சொல்லாமல் விட்டுவிடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. அதாவது, அந்தச் சட்டப்படி ஒரு வழக்கு எப்படி நடக்கிறது, ருஜுப்பிக்க வேண்டிய பாரம் யார் தலையில் இருக்கிறது, யார் சாட்சி சொல்லலாம், யார் சொல்லக் கூடாது, காஜி எதை வைத்துத் தீர்ப்புச் செய்கிறார் என்பதேயாகும். தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது யார் தலையில் எந்த வழியாக வந்து விழுகிறது என்பதைத்தான் புத்தியுள்ளவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். ஆகவே அதைப்பற்றி நமக்குத் தெரிந்த மட்டில் கொஞ்சம் விவரமாகவே எழுத நினைக்கிறோம்.

முதலாவது, காஜியார் கோர்ட்டில் நாம் மெச்சத்தக்க காரியங்கள் பல உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிராது கொண்டு வருகிறவன்தான் தன் பிராதை ருஜுப்பிக்க வேண்டும். மறுக்கிறவன் ஒன்றையும் ருஜுப்பிக்க வேண்டியதில்லை, சத்தியம் செய்தால் போதும் என்பது அங்கு அடிப்படை விதி. எவனொருவன் கண்ணுக்குத் தெரிகிற நிலைமைக்கு மாறாக ஒன்றைச் சொல்லுகிறானோ அவனே வாதி. மாடு என் கொட்டகையில் கட்டியிருந்தால் அது என்னுடையது என்றுதான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை, அது தன்னுடையது என்கிறவன் சாட்சி கொண்டு வரவேண்டும். மேலும் காஜியானவர் இரு கட்சிக்காரரையும் சமமாக உட்கார வைக்க வேண்டும். ஒருவனைப் பார்த்துச் சிரித்து மற்றவனைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. வழக்குள்ளவனிடம் வெகுமதியோ விருந்தோ வாங்கக் கூடாது. கோபத்திலும் பசியிலும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றெல்லாம் காஜிகளின் ஒழுக்கத்தைப் பற்றியே தனித்தனி நூல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இவற்றை எழுதினவர்கள் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கு உதாரணமாக முஸ்லிம் தோழர்கள் ஒரு கதை சொல்லுவது வழக்கம். நான்காவது கலீபாவான அலி அவர்களின் போர்க்கவசம் ஒன்று காணாமற் போய், பிறகு அது அன்னிய மதத்தான் ஒருவன் கையில் இருப்பதைக் கண்டாராம். கலீபாவாயிற்றே, பிடுங்கிக்கொள்ளக் கூடாதா? அப்படிச் செய்யாமல் கூபா நகரத்துக் காஜியான ஷுரைஹ் என்பவரிடம் பிராது செய்தாராம். காஜி சாட்சி கேட்க, கலீபா தன் மகனையும் தன் வேலையாளையும் நிறுத்தினாராம். தகப்பனுக்காக மகன் சொல்லும் சாட்சி செல்லாது என்று காஜி தள்ளிவிட, கலீபாவின் வழக்கு தோற்றதாம். இது நடந்ததோ, பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்டதோ, அதைப்பற்றி நமக்கு அக்கரையில்லை. அரசனுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்ன ஜட்ஜியைப் புகழ்ந்து ஒரு சமூகம் கதை கட்டிக்கொள்ளுகிறதென்றால் அந்தச் சமூகத்தின் ஆசை எந்தப் பக்கம் இருந்தது என்பது விளங்குகிறதல்லவா? நம்முடைய மனுதர்ம சாஸ்திரத்தை எடுத்துப் பாருங்கள். கோர்ட்டில் சத்தியம் செய்வதற்கே நான்கு ஜாதிக்கு நான்கு விதம். பார்ப்பான் உண்மையின் மேல் ஆணையிட்டால் போதும்; சூத்திரனோ சகல பாபங்களும் தன் தலையில் வந்து விழட்டும் என்று சொல்லியாக வேண்டும். அதைப் புண்ணிய நூல் என்று வைத்துக்கொண்டு காஜியார் கோர்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்லுவது!

நிற்க. காஜி வேலையை யோக்கியமான பண்டிதர்கள் பலர் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள் என்பதும் சரித்திரம். ஹனபி மத்ஹபின் மூல புருஷரான அபூஹனீபா அவர்கள் கலீபா மன்சூர் கொடுத்த காஜி பதவியை வேண்டாமென்று சொல்லிச் சிறையில் கிடந்ததாகவும், 767-ல் காலமானதாகவும் சொல்லுவார்கள். சட்டம் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் சம்பளம் கொடுப்பவன் அரசன் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையில் கொலை, கொள்ளை போன்றவைகளில் பெரும்பாகம் காஜியிடம் போகாமல் அரசனுடைய காவற்காரர்களாலேயே விசாரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஏனெனில் காஜியின் சாட்சி விதி அவ்வளவு இறுக்கமானது.

அந்தச் சாட்சி விதியைத்தான் இப்போது பார்க்க வேண்டும். சாதாரணப் பணவழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். ஒருவனுக்கு இன்னொருவன் நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறான் என்பது பிராது. வாதி இரண்டு ஆண் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். ஆண் ஒருவனே கிடைத்தால் அவனோடு இரண்டு பெண்கள் வேண்டும். சாட்சிகள் முஸ்லிம்களாகவும், சுதந்திரமுள்ளவர்களாகவும், நடத்தை சுத்தமானவர்களாகவும் இருக்க வேண்டும். நடத்தை சுத்தமா இல்லையா என்பதைக் காஜி தன் ஆட்களை விட்டு அக்கம்பக்கத்தில் ரகசியமாகவும், பிறகு பகிரங்கமாகவும் விசாரித்துக்கொள்ளுவார். சாட்சிகள் தேறிவிட்டால் வழக்கு முடிந்தது. காஜி தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நம் கோர்ட்டுகளில் வக்கீல்கள் சாட்சியைக் கூண்டில் ஏற்றி மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்கிறார்களே, அந்த வழக்கம் அங்கில்லை. அங்கே எடை போடப்படுவது சாட்சி சொன்ன விஷயமல்ல; சாட்சி சொன்ன ஆள். ஆள் யோக்கியன் என்றால் அவன் சொன்னது உண்மை என்பது கணக்கு. யோக்கியனும் தப்பாகப் பார்ப்பான், அயோக்கியனும் சில சமயம் கண்ணால் கண்டதைச் சொல்லுவான் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதன் பலனாக ஊருக்கு ஊர் காஜி கோர்ட்டின் வாசலில் "யோக்கியர்" என்று பதிவு பெற்ற நிரந்தரச் சாட்சிகள் ஏற்பட்டு, அதுவே ஒரு உத்தியோகமாகிவிட்டது. மொரோக்கோ நாட்டில் இன்றைக்கும் பத்திரம் எழுதிப் பதிகிறவர்கள் அந்தப் பரம்பரையில் வந்தவர்களே. அந்த வேலையைப் பெண்களும் செய்யலாம் என்று அங்கே 2018-ல் தான் ஏற்பாடாயிற்று.

வாதியிடம் சாட்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பிரதிவாதியைப் பார்த்துச் சத்தியம் செய் என்று காஜி சொல்லுவார். அவன் ஆண்டவன் பேரில் ஆணையிட்டு மறுத்துவிட்டால் வழக்குத் தள்ளுபடி. ஆணையிட மறுத்தால், ஹனபிகள் அதையே அவன் ஒப்புக்கொண்டதாக வைத்துத் தீர்ப்புச் செய்வார்கள். ஷாபிகள் அப்படிச் செய்யாமல், சத்தியத்தை வாதியின் பக்கம் திருப்பி, அவன் ஆணையிட்டால்தான் தீர்ப்புக் கொடுப்பார்கள். காயல்பட்டணம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாபிகளும், உள்நாட்டு ராவுத்தர்களில் ஹனபிகளும் அதிகமாயிருப்பதால், பழைய விதியை அப்படியே நடத்துவதானால் ஒரே வழக்கு கீழக்கரையில் ஒரு மாதிரியும் திண்டுக்கல்லில் வேறு மாதிரியும் முடியும். ஆண்டவன் ஒருவன், வேதம் ஒன்று, தீர்ப்பு மாத்திரம் இரண்டு!

சத்தியத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நரகத்துக்குப் பயப்படுகிறவன் சொத்தை இழப்பான், பயப்படாதவன் சொத்தை அனுபவிப்பான் என்பதுதான் அதன் பலன். இதற்காக முஸ்லிம்களை மாத்திரம் குறை சொல்லுவது நியாயமல்ல. வெள்ளைக்காரன் 1873-ல் செய்த சத்தியச் சட்டத்திலேயே, எதிரி இன்னபடி சத்தியம் செய்தால் நான் ஒப்புக்கொள்ளுகிறேன் என்று ஒரு கட்சிக்காரன் சொல்லலாமென்றும், எதிரி அப்படியே செய்துவிட்டால் அதுவே முடிவான சாட்சியமென்றும் எழுதியிருந்தது. 1969-ல் புதுச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. அதுவரையில் இங்கிலீஷ் படித்த ஜட்ஜிகளே சாமி சன்னதிச் சத்தியத்தை நம்பி சிவில் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்து மூலமான பத்திரத்தின் கதி இன்னும் வேடிக்கையானது. கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள் என்று வேதத்திலேயே சொல்லியிருந்தும், சட்ட பண்டிதர்கள் வெறும் பத்திரத்தைச் சாட்சியமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கையெழுத்து இன்னொரு கையெழுத்தைப் போலவே இருக்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பத்திரம் இருந்தாலும் அதைப் பற்றிச் சொல்ல இரண்டு உயிருள்ள ஆட்கள் வரவேண்டும். அவர்கள் செத்துப்போயிருந்தால் பத்திரம் வெறுங் காகிதம். கடைசியில் துருக்கி சுல்தானின் ஆட்சியில், அஹமத் ஜெவ்தத் பாஷா என்பவரின் தலைமையில் 1869 முதல் 1876 வரையில் "மெஜல்லா" என்ற 1851 பிரிவுகளுள்ள சிவில் சட்டம் தொகுக்கப்பட்டபோது, மோசடிக்கு இடமில்லாத பத்திரத்தைச் சாட்சியில்லாமலே ஒப்புக்கொள்ளலாம் என்று ஏற்படுத்தினார்கள். கலீபாவின் பேராலேயே இது நடந்தது. வானம் இடிந்து விழவில்லை.

சூழ்நிலையைக் கொண்டு உண்மையை ஊகிப்பதற்கும் பண்டிதர்களில் பெரும்பாலோர் அதிக இடம் கொடுக்கவில்லை. ஆனால் 1350-ல் காலமான இப்னு கையிம் என்பவர், சாட்சி என்றால் உண்மையை வெளிப்படுத்துவது எதுவோ அதுதானேயொழிய இரண்டு ஆண் வாய்கள் மாத்திரம் அல்ல என்ற கருத்தை வைத்து ஒரு நூலே எழுதினார். யூசுப் நபியின் சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து யார் மேல் குற்றம் என்று கண்டுபிடித்ததாக வேதத்தில் வரும் கதையே அவர் கட்சிக்கு ஆதாரம். இந்த மாதிரிப் புத்திசாலிகளும் அந்தச் சமூகத்தில் இருந்தே வந்திருக்கிறார்கள் என்பதை அதன் விரோதிகளும் சொல்லுவதில்லை, மௌல்விகளும் சொல்லுவதில்லை.

இனி, எல்லோரும் கூச்சல் போடுகிற கை வெட்டும் கல்லெறியும் இருக்கின்றனவே, அவற்றுக்கு வருவோம். விபசாரக் குற்றத்தை ருஜுப்பிக்க நான்கு ஆண் சாட்சிகள் வேண்டும். அவர்கள் சம்பவத்தை நேரில் கண்ணால் கண்டிருக்க வேண்டும். மூன்று பேர் சொல்லி நான்காமவன் பின்வாங்கிவிட்டால், சொன்ன மூன்று பேருக்கும் அவதூறு சொன்ன குற்றத்துக்காகத் தலைக்கு எண்பது கசையடி. குற்றவாளி தானே ஒப்புக்கொண்டாலும், ஹனபிகள் நான்கு தடவை நான்கு வேளையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார்கள். பிறகு இல்லையென்று சொல்லிவிட்டால் தண்டனை போய்விடும். திருட்டிலும் அப்படியே. பொருள் குறிப்பிட்ட மதிப்புக்குக் குறையக் கூடாது. பூட்டிப் பத்திரப்படுத்திய இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். நெருங்கிய சொந்தக்காரன் எடுத்தால் கை வெட்டு இல்லை. கூட்டுச் சொத்தில் எடுத்தாலும் இல்லை. கலீபா உமர் பஞ்ச காலத்தில் கை வெட்டுவதையே நிறுத்தி வைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. சந்தேகம் என்று ஒன்று தலை காட்டினால் இந்தப் பெரிய தண்டனைகள் விலகிவிட வேண்டும் என்பது சட்டம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன விளங்குகிறது? சட்டம் செய்த பண்டிதர்கள் தண்டனையை மாற்றத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று நினைத்து, ருஜுப்பிக்கும் வழியைக் குறுக்கி அந்தத் தண்டனை கிட்டத்தட்ட நடக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள் என்பதுதான். அவர்களுக்கும் இரக்கம் இருந்திருக்கிறது. ஆனால் அதை நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் கொல்லைப்புறமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

கொல்லைப்புறமாக வந்த இரக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பாகிஸ்தானில் பார்க்கலாம். 1979-ல் ஜெனரல் ஜியா-உல்-ஹக் என்ற ராணுவ அதிகாரி அங்கே ஹுதூது அவசரச் சட்டங்களைக் கொண்டு வந்தார். அதன்படி ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்கும் ஹத்துத் தண்டனை கொடுக்க வேண்டுமானால் நான்கு யோக்கியமான முஸ்லிம் ஆண்கள் அதைக் கண்ணால் கண்டதாகச் சொல்ல வேண்டும். நான்கு யோக்கியர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் எப்படி யோக்கியர்கள் ஆவார்கள் என்று நாம் கேட்கிறோம்! ஹத்து இல்லாவிட்டாலும் குறைந்த தண்டனை கொடுக்கச் சாதாரணச் சாட்சியம் போதும் என்று சட்டத்தில் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் காரியத்தில் என்ன நடந்தது? பலாத்காரம் ருஜுவாகவில்லை என்றால், புகார் செய்த பெண்ணே விபசாரத்தை ஒப்புக்கொண்டதாகவும், அவள் வயிற்றுப் பிள்ளையே அதற்கு ருஜு என்றும் வைத்து அவள் மேலேயே வழக்குத் திரும்பிற்று. 1983-ல் கண் பார்வையில்லாத ஒரு ஏழைப் பெண்ணுக்கு, அவள் வேலை செய்த வீட்டாரின் பேரில் புகார் சொன்னதன் பலனாக, மூன்று வருஷம் சிறையும் பதினைந்து கசையடியும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆண்கள் போதிய சாட்சியமில்லை என்று விடுதலையானார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கிக் கூச்சல் போட்ட பிறகு மேல்கோர்ட்டு அவளை விடுதலை செய்தது. ஜனங்களின் மானத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட நான்கு சாட்சி விதி, ஒரு ஜட்ஜியின் கையில் இப்படியாயிற்று. 2006-ல் தான் பலாத்காரக் குற்றத்தை அந்த அவசரச் சட்டத்திலிருந்து எடுத்துப் பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

கொலை வழக்கு இன்னொரு விதம். அங்கே சர்க்கார் வாதியல்ல. செத்தவனின் வாரிசுகளே வாதி. அவர்கள் உயிருக்கு உயிர் கேட்கலாம், நஷ்டஈடாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம், மன்னித்தும் விடலாம். மன்னிப்பது பெரிய குணம் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் தகப்பனே மகளைக் கொன்றுவிட்டால் மன்னிக்கிற வாரிசு யார்? கொன்றவனின் பெண்சாதியும் பிள்ளைகளும்தானே! 1990 முதல் பாகிஸ்தானில் இந்த விதி நடைமுறைக்கு வந்து, குடும்பக் கௌரவம் என்ற பேரால் பெண்களைக் கொன்றவர்கள் வீட்டுக்குள்ளேயே மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். 2016-ல் தான், இந்த மாதிரிக் கொலையில் வாரிசுகள் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று திருத்தினார்கள். கௌரவத்துக்காக மகளைக் கொல்லுகிறவர்கள் நம் ஜில்லாக்களிலும் இருக்கிறார்கள். இங்கே சட்டம் மன்னிப்பதில்லை. சாட்சிதான் ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயந்து பிறழ்ந்து விடுகிறது.

இந்தக் கிரிமினல் சட்டம் எங்கோ அரபு நாட்டுச் சமாசாரம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 1862-க்கு முன் சென்னை மாகாணத்திலும் இதுதான் கிரிமினல் சட்டம். கும்பினியார் நவாபுகளிடமிருந்து ஆட்சியை வாங்கும்போது கிரிமினல் கோர்ட்டுகளையும் அப்படியே வாங்கி, வெள்ளைக்கார ஜட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு காஜியையும் முப்தியையும் உட்கார வைத்து அவர்களுடைய பத்வாவைக் கேட்டே தண்டித்து வந்தார்கள். தஞ்சாவூர்ப் பண்ணையாளும் மதுரைக் குடியானவனும் கூபா நகரத்துப் பண்டிதர்களின் விதிப்படி விசாரிக்கப்பட்டார்கள். இதில் கும்பினியாருக்கு ஒரு கஷ்டம். முஸ்லிம் பேரில் முஸ்லிம் அல்லாதவன் சாட்சி செல்லாது என்பது விதி. ஊரிலோ முக்கால்வாசிப் பேர் முஸ்லிம் அல்லாதவர்கள். ஆகவே வங்காளத்தில் காரன்வாலிஸ் காலத்திலேயே, 1790 முதற்கொண்டு, வாரிசுகள் கொலைகாரனை மன்னிக்கும் உரிமையை எடுத்தார்கள். பிறகு சாட்சியின் மதத்தைப் பார்த்துத் தள்ளக் கூடாது என்றார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக உருவி, கடைசியில் பினல்கோடைக் கொண்டு வந்தார்கள். 1872-ல் வந்த சாட்சிச் சட்டத்தில், எந்த விஷயத்தையும் ருஜுப்பிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்குக் கிடையாது என்று எழுதினார்கள். 2024-ல் பேர் மாறி வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு பறைச்சியின் வார்த்தையை நம்பி ஒரு மிராசுதாரனைத் தண்டிக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம். தண்டிக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

பெண்களின் சாட்சியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பணவழக்கில் இரண்டு பெண்கள் ஒரு ஆணுக்குச் சமம். ஹுதூதிலும் கொலைக்குக் கொலை கேட்கும் வழக்கிலும் பண்டிதர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் சாட்சியையே ஒப்புவதில்லை. பெண்ணுக்கு மறதி அதிகம் என்று சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியானால், புருஷன் தன் மனைவி கெட்டவள் என்று சாட்சியில்லாமல் பிராது சொல்லும்போது மாத்திரம் வேறு விதியாக இருப்பானேன்? அவன் நான்கு தடவை ஆணையிட்டு ஐந்தாவது தடவை தன்னைத் தானே சபித்துக்கொள்ள வேண்டும். அவளும் அதே மாதிரி நான்கு தடவை ஆணையிட்டு ஐந்தாவது தடவை சபித்துக்கொண்டால் தண்டனையிலிருந்து தப்பிவிடுவாள். இங்கே ஒரு பெண் வாய் ஒரு ஆண் வாய்க்குச் சரியாகத்தானே நிற்கிறது? எட்டுத் தடவை ஆணையிடச் சொல்லவில்லையே! பிள்ளைப்பேறு முதலிய விஷயங்களில் ஒரே ஒரு பெண்ணின் சாட்சி போதும் என்கிறார்கள் ஹனபிகள். நான்கு பெண்கள் வேண்டும் என்கிறார்கள் ஷாபிகள். பெண்ணின் ஞாபக சக்தி மத்ஹபுக்கு மத்ஹபு மாறுமா? கடைத்தெருவுக்குப் போகாத பெண்ணுக்குக் கடை வியவகாரம் தெரியாது என்பது அந்தக் காலத்து நிலைமை. அந்த நிலைமையை வைத்து எழுதினதைச் சாசுவதமாக்கிவிட்டதுதான் கோளாறு. இன்றைக்கு பாங்கியில் உட்கார்ந்து பிறருடைய கணக்கைத் தணிக்கை செய்கிற முஸ்லிம் பெண், தன் தகப்பன் கொடுத்த கடனுக்கு அரைச் சாட்சி!

இந்தச் சட்டத்தை மாற்ற முடியாது என்கிறவர்களுக்கு ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறோம். புருஷன் காணாமற் போய்விட்டால் மனைவி என்ன செய்வது? ஹனபி நூல்களின்படி அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும் காலம் வரையில் அவள் காத்திருக்க வேண்டும். இருபது வயதில் ஓடிப்போனவனுக்காக எழுபது வருஷம்! ஆகவே வட இந்தியாவில் முஸ்லிம் பெண்கள் பலர், கல்யாணத்திலிருந்து விடுபட வேறு வழியில்லாமல், மதத்தையே விட்டுவிட்டதாகக் கோர்ட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். மதம் மாறினால் கல்யாணம் முறிந்துவிடும் என்பது சட்டம். இதைக் கண்டு மௌல்விகள் திடுக்கிட்டார்கள். அதுவரையில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றிருந்தவர்களில் முதன்மையானவரான மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்களே 1930-களில் ஒரு நூல் எழுதி, இந்த விஷயத்தில் மாலிகி மத்ஹபின் நான்கு வருஷ விதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். 1939-ல் அது முஸ்லிம் விவாகரத்துச் சட்டமாகவே வந்துவிட்டது. பெண்கள் கண்ணீர் விட்ட நூற்றாண்டுகளில் மாறாத சட்டம், பெண்கள் வாசலைத் தாண்டப் புறப்பட்டவுடன் மாறிவிட்டது. முஸ்லிம் சகோதரிகள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று நம் நாட்டில் காஜிக்குக் கோர்ட்டு அதிகாரம் எதுவும் கிடையாது. 1880-ம் வருஷத்துக் காஜிகள் சட்டத்திலேயே, காஜியாக நியமிக்கப்படுவதால் நீதி செலுத்தும் அதிகாரம் வந்துவிடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பத்வாவுக்குச் சட்ட பலம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொல்லிற்று. பள்ளிவாசல்களுக்குள் ஷரியத்துக் கோர்ட்டு என்ற பேரால் நடப்பவைகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. காஜி கொடுக்கும் தலாக் சர்ட்டிபிகேட்டு வெறும் அபிப்பிராயமே என்று மறு மாதமே சொல்லிற்று. ஒரே மூச்சில் சொல்லும் தலாக் செல்லாது என்ற தீர்ப்பு 2017-ல் வந்தது. அதைச் சொல்லுகிறவனுக்கு மூன்று வருஷம் வரையில் சிறை என்று 2019-ல் சட்டமும் செய்தார்கள். செல்லாத வார்த்தையைச் சொன்னதற்காகப் புருஷனைச் சிறையில் போட்டுவிட்டு, அவனிடமே ஜீவனாம்சம் கேள் என்று பெண்ணிடம் சொல்லுவது என்ன புத்திசாலித்தனம் என்று நமக்கு விளங்கவில்லை. முஸ்லிம் பெண்களின் மேல் திடீரென்று கருணை பொங்குகிற கனவான்கள், தங்கள் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் எவ்வளவு கருணை காட்டினார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், தமிழ் பேசுகிற முஸ்லிம்களுக்குக் காதி கோர்ட்டு சட்டப்படியே ஏற்பட்டது. 1951-ம் வருஷத்து முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு ஆதாரம். காதியாக இருப்பவர் நல்ல நடத்தையும் அந்தஸ்தும் உள்ள முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்றும், அப்பீல் கேட்கும் காதிகள் சபையின் ஐந்து பேரும் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்றும், கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். புருஷன் தலாக் சொல்லுவதாக இருந்தால் காதிக்குத் தெரிவித்து, சமாதான முயற்சிக்குப் பிறகு முப்பது முப்பது நாளாகத் தவணையைக் கடந்தால் போதும்; காரணத்தை ருஜுப்பிக்க வேண்டியதில்லை. மனைவி விடுதலை கேட்டால், புருஷன் செய்த கொடுமையைச் சாட்சிகளோடு ருஜுப்பிக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் விழுந்த அடிக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்? பிராது சொல்லுகிறவன் ருஜுப்பிக்க வேண்டும் என்ற விதியை நாம் மேலே மெச்சினோம். அந்த விதி இங்கே புருஷனுக்கு ஏன் இல்லை?

அந்தச் சட்டத்தைத் திருத்துவதற்காக 2009-ல், சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜாக இருந்த சலீம் மர்சூப் அவர்கள் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். ஒன்பது வருஷம் உட்கார்ந்து 2018-ல் அறிக்கை கொடுக்கும்போது கமிட்டி இரண்டாகப் பிரிந்து நின்றது. பெண் காதியாகலாமா என்பதும் பிரிவுக்கு ஒரு காரணம். ஹுதூதும் கொலை வழக்கும் தவிர மற்றவைகளில் பெண் காஜியாக இருக்கலாம் என்று அபூஹனீபா அவர்கள் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பதாக நூல்களில் இருக்கிறது. நாங்கள் ஷாபிகள், அவர் பேச்சு எங்களுக்குச் செல்லாது என்பார்களானால், மலேயா நாட்டாரும் ஷாபிகள்தானே? அங்கே 2010-ல் இரண்டு பெண்களை ஷரியத்துக் கோர்ட்டு ஜட்ஜுகளாக நியமித்தார்கள். இலங்கையிலேயே 2011-ல் ஒரு பெண் பிரதம நீதியரசராக ஆனார். கொழும்பில் ஒரு பெண் கொலைகாரனுக்குத் தண்டனை விதிக்கலாம், பிரதம நீதியரசராகவும் ஆகலாம், ஆனால் காத்தான்குடியில் பத்துப் பவுன் மகர் வழக்கைக் கேட்கும் காதியாகக் கூடாது என்பதற்கு என்ன காரணம் என்று அந்தக் கமிட்டியில் மறுத்து நின்ற கனவான்கள்தான் சொல்ல வேண்டும்.